பட்டிப்பூ எந்த ஊர்?

திருகோணமலையில் வைகாசி பிறந்தால் கச்சான் காற்று தொடங்கிவிடும். காய்ந்த காடுகளைக் கடந்து வரும் அந்தச் சூட்டில் உவர்மலையிலுள்ள எங்கள் முற்றத்து ரோசா கருகும், செவ்வந்தி தலை சாயும். மிஞ்சியதை ஊருக்குள் உலாவும் புள்ளிமான்கள் பார்த்துக்கொள்ளும். போதாததற்கு அக்காவின் மகளுக்குத் தொய்வு. மல்லிகை மணமே ஆகாது. வெயில் தாங்க வேண்டும், மணக்கக் கூடாது, மகரந்தம் பறக்கக் கூடாது, மான் தின்னக் கூடாது. இத்தனைக்கும் ஒத்துவந்தது, வேலியோரம் யாரும் நடாமலே நின்ற பட்டிப்பூ. தமிழ்நாட்டில் நித்தியகல்யாணி என்பார்கள்.

சின்னம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "உது சவக்காலைப் பூவெல்லோ பிள்ளை? இராவணன் காலத்தில இருந்து ரோட்டுக்கரையில நிக்கிறது. அதை ஏன் முத்தத்தில வைக்கிறாய்?"

சவக்காலை இருக்கட்டும், இராவணன் காலம் என்றாரே, அதைத்தான் பார்த்துவிடுவோம் என்று ஏடுகளைப் புரட்டினேன். இராவணன் பக்கம் போகாமல் அவை என்னை மடகஸ்காருக்குக் கூட்டிப்போயின. அத்தீவின் தென்கரையில் தோபின் கோட்டையை ஆண்ட பிரெஞ்சு அதிகாரி எத்தியென் த ஃபிளாக்கூர் 1658இல் வெளியிட்ட நூலில், மல்லிகை போன்ற பூவும் கடுங்கசப்பான வேரும் கொண்ட ஒரு செடி வருகிறது. வெள்ளை ஒன்று, ஊதா ஒன்று என இரண்டு நிறத்தையும் குறித்திருக்கிறார். அடுத்த நூற்றாண்டில் மடகஸ்கார் விதை பாரிசின் அரச தோட்டத்துக்குப் போனது. அங்கிருந்து இலண்டன் செல்சித் தோட்டத்துப் பிலிப் மில்லருக்குக் கிடைத்தது. 1759இல் லின்னேயசு அதற்குப் பெயரிட்டார். பிறகு வெப்பநாடுகளின் துறைமுகங்கள் எங்கும் அது வேலி தாண்டிவிட்டது.

எங்கள் துறைமுகத்துக்கு எப்போது வந்தது? இங்கேதான் எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது. 1670இன் கடைசியில் த லா ஏ என்ற தளபதியின் பிரெஞ்சுக் கப்பற்படை அதே தோபின் கோட்டையில் தங்கியது. பிறகு சூரத்துக்குப் போய், 1672 மார்ச்சில் திருகோணமலைக்கு வந்தது. கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆதரவோடு கொட்டியாரக்குடாவில் கோட்டை கட்டப் பார்த்தார்கள். ஒல்லாந்தர் விடவில்லை. யூலையில் கிளம்பிப்போய்ச் சென்னைப் பக்கம் சாந்தோமைப் பிடித்தார்கள். பட்டிப்பூவின் சொந்தக் கரையில் தங்கிவிட்டுக் கொட்டியாரத்துக்கு வந்த ஒரு படை! ஆனால் அந்தக் கப்பல்களில் விதை இறங்கியதாக நான் பார்த்த எந்த ஏட்டிலும் இல்லை. கப்பல் வந்தது வரலாறு, விதை வந்தது என் ஆசை. அதை அங்கேயே விட்டுவிட்டேன்.

விட்ட இடத்தில் வேறொன்று கிடைத்தது. இந்தச் செடியின் இனத்தில் எட்டு வகை உண்டு. ஏழு மடகஸ்காருக்கு உரியவை. எட்டாவது இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தம்: மிளகாய்ப்பூண்டு. மிளகாய்க் கன்று போலச் சாணளவு நின்று, சின்ன வெள்ளைப் பூவைக் காட்டி, ஒரு பருவத்தோடு சாகும் பூண்டு. சின்னம்மாவிடம் படத்தைக் காட்டினேன். "உதைத்தானே நான் புடுங்கிப் புடுங்கி எறியிறன்" என்றார்.

வளர்ப்பதில் பெரிய வித்தை இல்லை. ஊர்க்குணம் தெரிந்தால் போதும். மணலும் வெயிலும் பழகிய செடி; தண்ணீர் தேங்கினால் வேரழுகிவிடும். ஆகவே மாரி மழை ஓய்ந்த பிறகு, மாசியில் விதைக்கிறேன். இரட்டைக் காய் வெடிக்குமுன் பறித்துக் காயவைத்த கறுப்பு விதை. முளைக்க இருட்டு வேண்டுமென்பதால் மேலே மெல்ல மண் தூவுவேன். பல்லாண்டுச் செடிதான். ஆனால் பழசானால் அடி மரத்துப் பூக் குறைகிறது. எனவே ஆண்டுக்கொரு தடவை புதுக்கன்று. மகரந்தம் பூவின் ஒடுங்கிய குழலுக்குள் ஒளிந்திருக்கிறது. வண்ணத்துப்பூச்சியின் நீண்ட உறிஞ்சிதான் அதை எட்டும், காற்று எட்டாது. மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறாள்.

மானும் ஆடும் வாய் வைக்காததற்குக் காரணம் அதன் கசப்பு நஞ்சு. அந்த நஞ்சுக்குள்தான் மருந்தும் இருந்தது. யமேக்காவில் சீனி வருத்தத்துக்குக் குடிநீராகக் காய்ச்சிய இந்த இலைகள் 1952இல் கனடாவுக்கு அஞ்சலில் போயின. அங்கே ராபர்ட் நோபிள் என்ற ஆய்வாளர் அவற்றின் சாற்றை எலிகளுக்கு ஊசியில் ஏற்ற, சீனி குறைவதற்குப் பதில் இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் விழுந்தன. அதைப் பிடித்துக்கொண்டு அவரும் சார்ல்ஸ் பீரும் 1958இல் வின்பிளாஸ்டினை அறிவித்தார்கள். சில ஆண்டுகளில் வின்கிரிஸ்டின் வந்தது. பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் ஏற்றுகிற மருந்து. அளவு பிசகினால் ஆளையே சாய்க்கும் சரக்கு. எங்கள் தெருவில் சீனிக்கென்று இலை கேட்டு இரண்டொருவர் படலையடிக்கு வருகிறார்கள். பூ வேண்டுமானால் கொண்டு போங்கள், இலை தரமாட்டேன் என்று அனுப்பிவிடுகிறேன்.