பிரேக்கின் மறுமொழி

மும்பையில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பழைய பியட் காருக்கு உறவினருக்குரிய இடம் உண்டு. என் தந்தையார் 1969இல் வாங்கிய பியட் 1100 டிலைட்டும் எங்கள் வீட்டில் ஒருவராகவே இருந்தது. குர்லா ஆலையில் பிறந்து, பின்னர் பிரீமியர் பத்மினி என்று பெயர் பூண்ட அந்த வமிசத்தின் டாக்சிகள், 2023 அக்டோபரில் நகரத்திடம் விடைபெற்றன. எங்கள் வண்டியோ 1998லேயே செம்பூர்க் கட்டடத்தின் ஓரத்தில் தார்ப்பாய்க்குள் துயிலத் தொடங்கிவிட்டது.

அப்பாவுக்கு எண்பத்தாறு வயதானபோது, கண்டாலா மலைப்பாதையில் அந்த வண்டியில் இன்னும் ஒரு முறை போய்வரவேண்டும் என்று ஆசைப்பட்டார். அதற்காகவே அதனைப் புதுப்பித்தேன். கண்ணாடிபோல் மின்னிய வண்ணத்தை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பிரேக்கை இருமுறை மிதித்தார்.

"பஞ்சு மூட்டையை மிதிக்கிற மாதிரி இருக்குடா. இது நம்ம வண்டியில்லை" என்றார்.

தளர்ந்த கால்களின் பேச்சு என்று நான் அதனைத் தள்ளிவிட்டேன். மறுநாள் சயானில் மேம்பாலம் இறங்குகையில், முன்னே நின்ற ஆட்டோவுக்கு ஒரு முழத் தொலைவில் வண்டி நின்றது. அப்பா உடன் இல்லாதது என் நல்லூழ்.

இக்காலக் கார்களில் எஞ்சினின் உறிஞ்சு விசை ஓட்டுநரின் காலுக்குத் துணை நிற்கிறது. எங்கள் வண்டியில் அத்துணை கிடையாது. மிதிக்கும் விசை மாஸ்டர் சிலிண்டரில் உள்ள எண்ணெயை அழுத்த, அவ்வழுத்தம் குன்றாமல் நான்கு சக்கரங்களையும் சென்றடைகிறது. மூடிய கலத்தில் உள்ள திரவத்தைப் பற்றிப் பாஸ்கல் பதினேழாம் நூற்றாண்டில் கண்ட விதிதான் இது. ஆகவே சக்கரத்துக்குள் நடப்பதை மறைக்க இடையில் எவரும் இல்லை. உள்ளது உள்ளபடியே பாதத்துக்கு வந்துசேரும்.

வேலை செய்த பட்டறையினர் மூன்று முறை காற்று எடுத்தனர். ரப்பர்க் குழாய்களை மாற்றினர். மென்மை மாறவில்லை. "பழைய வண்டி இப்படித்தான் இருக்கும், பூஸ்டர் பொருத்திவிடலாம்" என்றனர். நானும் ஏறக்குறைய இசைந்துவிட்டேன்.

டாக்சிகளோடு வாழ்நாளைக் கழித்த முதிய மிஸ்திரி ஒருவரை அண்டைவீட்டார் அழைத்து வந்தனர். அவர் பெடலை மிதித்து, அரை நிமிடம் அப்படியே பிடித்திருந்தார். அது மெல்லத் தாழ்ந்திருந்தால் சிலிண்டருக்குள் கசிவு. தாழவில்லை. பிறகு அடுத்தடுத்து மிதித்தார். காற்று இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் பெடல் உயர்ந்து இறுகும். உயரவில்லை. "காற்றுமில்லை, கசிவுமில்லை, அண்ணா. உள்ளே ஷூ வளைகிறது" என்று பம்பாய் இந்தியில் சொன்னார்.

டிரம்மைக் கழற்றி, உட்புறமெங்கும் சாக்குக்கட்டியைத் தேய்த்தார். மீண்டும் மாட்டி, பிரேக்கை மிதிக்கச் செய்து சக்கரத்தைச் சுழற்றினார். திறந்து பார்த்தபோது, லைனிங்கின் இரு முனைகளில் மட்டுமே வெண்மை ஒட்டியிருந்தது. டிரம்மைக் கடைந்தவர்கள், தேய்வை ஈடுகட்டத் தடித்த லைனிங்கை ஒட்டிவிட்டு, இரண்டின் வளைவும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கவில்லை. முனைகள் முதலில் கவ்வ, நடுப்பகுதி வில்லாய் வளைந்தது. என் காலின் உழைப்பில் பாதி இரும்பை வளைப்பதில் கழிந்திருக்கிறது! நாளெல்லாம் எண்ணெயைக் குறைகூறிக்கொண்டிருந்தோமே என்று வெட்கமாக இருந்தது.

முகத்தில் ஈரத்துணி கட்டிக்கொண்டு, வெண்மை பட்ட இடத்தை மட்டும் அராவுவதும், மீண்டும் மாட்டிப் பார்ப்பதுமாய் இரண்டு நாள் உட்கார்ந்தார். இறுதியில் லைனிங் முழுவதும் வெண்மை பரவியது. கூலியைக் கேட்டபோது அவர் சொன்ன தொகை பூஸ்டரின் விலையில் கால் பங்குகூட இல்லை.

அன்று மாலை அப்பாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தேன். முன்போலவே ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் மிதித்தார். விரற்கடை அளவு இறங்கிய பெடல் கல்லாய் நின்றது. அவர் காலை எடுக்கவில்லை. உதடு அசைந்ததைக் கண்டுதான் எண்ணுகிறார் என்று அறிந்தேன். முப்பது வரை எண்ணினார்.

பின்னர் ஒன்றும் பேசாமல் நகர்ந்து பக்கத்து இருக்கைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"ஞாயிற்றுக்கிழமை விடியறதுக்குள்ள கிளம்பிடணும். இறக்கத்துல ரெண்டாவது கியரை விட்டு எடுக்காதே, டிரம் சூடேறிடும்" என்றார்.