அம்மா வீட்டில்தான் இருக்கிறார்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன மாதம் கிருமாம்பாக்கத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் என்னிடம் நாலாம் வகுப்பு படித்தவன். இப்போது தலையில் நரை. "நீங்க ரிட்டயர்டு ஆயிட்டீங்க. அம்மா எப்பவும் போல வீட்டுல சும்மாதான சார் இருக்காங்க?" என்று அக்கறையாகத்தான் கேட்டான். நான் "ஆமாம்ப்பா" என்றேன். சாம்பார் வந்தது, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

மணப்பட்டுக்குத் திரும்பி வந்து பார்த்தால், அந்த அம்மா பின்கட்டு ஷெட்டில் உட்கார்ந்து ஒரு பைக்கு வார் தைத்துக்கொண்டிருந்தாள். மூக்கு நுனியில் கண்ணாடி. காலையில் நான் கிளம்பும்போதும் அதே இடத்தில்தான் இருந்தாள். நான் சொன்ன அந்த "ஆமாம்ப்பா" அன்று ராத்திரி முழுக்கத் தொண்டையில் நின்றது. அதனால்தான் இந்தப் பதிவு.

என் மனைவி தோல் வேலை செய்பவள். பொழுதுபோக்காக அல்ல, முழுநேரத் தொழிலாக. 1999 முதல் வீட்டிலிருந்தபடி. அதற்கு முன் 5 வருடம் வெளியில் வேலை. உறவுகளில் பாதிப் பேருக்கு இது தெரியும், தெரியாத மாதிரி இருப்பார்கள். மாணவர்களில் பலருக்குத் தெரியவே தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவன் நான்தான்.

நான் பட்டதாரி இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்தவன். தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடன் சம்பளத்தில் பாதியைத் தின்றுகொண்டிருந்த காலம் அது. 1994இல் ஆரோவில் பக்கம் ஒரு தோல் பட்டறையில் பெண்களுக்கு வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டு, "நான் போறேங்க" என்றாள். பெண்ணுக்கு 7 வயது, பையனுக்கு 3.

புதுச்சேரிப் பக்கத்தில் தோல் வேலை வந்த கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வாத்தியார் புத்தி, விடாது. 1978இல் திலீப் கபூர் என்பவர் இங்கே ஒரு சின்னப் பட்டறை போட்டார். ஆள் மொத்தமே இரண்டு பேர். அதுதான் பிறகு ஹைடிசைன் என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது. மரப்பட்டையில் பதனிட்ட தோல், பித்தளைக் கொக்கி, கைவேலை. என் மனைவி அங்கே வேலை செய்ததில்லை. அவள் போனது பெயர் சொல்ல வேண்டாத ஒரு சின்ன இடம்.

இங்கிருந்து கன்னியக்கோயில் மெயின் ரோடு வரை சைக்கிளில் கொண்டுபோய் விடுவேன். அங்கிருந்து கடலூர் பஸ் பிடித்துப் புதுச்சேரி, அங்கிருந்து இன்னொரு பஸ். காலை 7 மணிக்குப் போனால் ராத்திரி 8 ஆகும். தலையில் மல்லிகை வைத்துக்கொண்டு போனாலும் தோல் வாசனைதான் முன்னால் வரும். பையன் ஓடி வந்து கட்டிக்கொண்டு, "அம்மா புதுச் செருப்பு மாதிரி வாசனை" என்பான். எங்கள் வீட்டில் அந்த வாசனையைப் பற்றி நல்ல வார்த்தை சொன்ன முதல் ஆள் அவன்தான்.

என் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "வாத்தியார் பொண்டாட்டி தோலைத் தொட்டுட்டு வந்து அடுப்பங்கரையில நிக்கிறதா?" குளித்துவிட்டுத்தான் சமையல் கட்டுக்குள் வரலாம் என்று சட்டம் போட்டார். ஆனால் அதே அம்மாதான் பகல் முழுக்கப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு சோறூட்டினார். அவர் பார்த்துக்கொள்ளவில்லை என்றால் ஒரு நாள்கூட என் மனைவி வேலைக்குப் போயிருக்க முடியாது. இந்த இரண்டையும் சேர்த்து எப்படிப் புரிந்துகொள்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

பட்டறையில் அவளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் ஒரு பெரியவர். தலைமுறை தலைமுறையாகச் செருப்புத் தைத்த குடும்பம். இரண்டு ஊசித் தையலை அவரிடம்தான் கற்றாள். ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இந்தப் பக்கமிருந்து ஒன்று, அந்தப் பக்கமிருந்து ஒன்று. மெஷின் தையலில் ஓர் இடம் அறுந்தால் உருவிக்கொண்டு போகும். இதில் ஒன்று அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். முதல் மாதம் முழுக்க அவளுக்கு விரலில் ரத்தம்தான். குத்தூசி உள்ளங்கையில் ஏறியதில் ஆஸ்பத்திரியில் 4 தையல் போட்டார்கள். "எனக்குப் போட்ட தையல் நேராவே இல்லை" என்று சிரித்தாள்.

அந்தப் பெரியவர் ஒரு பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்கார்ந்தார். உள்ளே வாருங்கள் என்று நான் கூப்பிடவில்லை. அம்மா தனியாக ஒரு பழைய டம்ளர் எடுத்து அதில் தண்ணீர் கொடுத்தார். நான் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் ஒரே வரிசையில் உட்காரவைத்துச் சத்துணவு பரிமாறுகிற நான், அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அவர் குடித்துவிட்டு, பிள்ளைகள் கையில் 5 ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார். என் மனைவி ஒன்றும் பேசவில்லை. அந்த டம்ளரை மட்டும் எடுத்துக்கொண்டுபோய்த் தன் சாமான்களோடு வைத்துக்கொண்டாள். இன்றைக்கும் அவளுடைய ஊசி, குத்தூசி எல்லாம் அதில்தான் நிற்கின்றன.

1999இல் பையனுக்கு டைபாய்டு. லீவு கேட்டாள், இல்லை என்றார்கள். நின்றுவிட்டாள். இனி வீட்டில் இருப்பாள் என்று நாங்கள் நினைத்தோம். அவள் நினைத்தது வேறு. பின்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இறக்கி, என் பழைய மேசையைப் போட்டு, சென்னை பெரியமேட்டுக்குத் தனியாகப் போய்த் தோல் வாங்கிக்கொண்டு வந்தாள். அவ்வளவு தூரம் அவள் தனியாகப் போனது அதுதான் முதல் தடவை.

தோலைப் பற்றி அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிடுவது நம் பக்கத்துப் பழைய முறை. வாரக் கணக்கில் ஆகும். குரோமிய உப்பில் போட்டால் சீக்கிரம் முடிந்துவிடும், மெத்தென்று வரும், விலையும் குறைவு. சென்னையில் குரோம்பேட்டை என்று ஊருக்குப் பெயர் வந்ததே அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனியால்தான். அந்தக் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வழக்கு. பட்டைத் தோல் பதனிடும்போதும் கழிவு உண்டு, அதை மறைப்பதற்கில்லை. ஆனாலும் அவள் பட்டைத் தோலைத்தான் கேட்பாள். ஓரத்தைத் தண்ணீர் தொட்டு மரக்கட்டையால் தேய்த்தால் கண்ணாடி மாதிரி வரும். கை படப்பட நிறம் கூடும். என் பர்ஸ் 2001இல் தைத்தது. அன்றைக்கு வெளிர் மஞ்சள், இன்றைக்குப் புளியங்கொட்டை நிறம்.

வீட்டில் வேலை என்றால் சுலபம் என்று நினைக்காதீர்கள். உலையில் அரிசி, கையில் ஊசி. பிள்ளைகள் தேர்வு, மாமியார் மருந்து, நாத்தனார் பிரசவம், எல்லாவற்றுக்கும் எழுந்து போவாள். திரும்பி வந்து விட்ட துளையில் தொடங்குவாள். கடைக்காரர்கள் 3 மாதம் கழித்துப் பணம் கொடுப்பார்கள். பெரும்பாலும் ராத்திரி 10 மணிக்கு மேல்தான் நிம்மதியாகத் தைப்பாள். நான் அப்போது விடைத்தாள் திருத்திவிட்டுத் தூங்கியிருப்பேன். பெண்ணின் நர்சிங் படிப்புக்கு நான் கட்டிய பணத்தைவிட அவள் கட்டியது அதிகம்.

அந்தப் பெண் 2002இல் பிளஸ் ஒன் சேர்ந்தபோது விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். "தாயின் தொழில்" என்ற இடத்தில் "இல்லத்தரசி" என்று எழுதினேன். என் கையெழுத்து முத்து மாதிரி இருக்கும், உங்களுக்குத் தெரியும். பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு வேலை இல்லையாப்பா?" என்றாள். "அதுக்கு இடம் பத்தாதும்மா" என்றேன். இடம் தாராளமாக இருந்தது. உள்ளே ஊசி குத்துகிற சத்தம் அப்போது நின்றது, பிறகு மறுபடி கேட்டது. அவள் காதில் விழுந்ததா என்று இத்தனை வருடம் நான் கேட்கவில்லை.

தானே புயலைச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வாள். 2011 டிசம்பர் 30. ஷெட் ஷீட் பறந்து எங்கே போய் விழுந்ததோ. ஒரு கடைக்குச் செய்துகொண்டிருந்த பைகளுக்கான தோல் முழுக்க நனைந்துவிட்டது. மறுநாள் அவள் சாய்ந்த முருங்கையை வெட்டிக்கொண்டிருந்தபோது, உதவி செய்கிறேன் பேர்வழி என்று எல்லாத் தோலையும் எடுத்து நல்ல வெயிலில் காயப்போட்டேன். நனைந்த தோலை நிழலில்தான் காயவைக்க வேண்டும் என்று 12 வருடம் கூட இருந்தும் எனக்குத் தெரியவில்லை. சாயந்திரம் பார்த்தால் அப்பளம். வாங்கிய முன்பணத்தை என் சம்பளத்திலிருந்து திருப்பிக் கொடுத்தோம். அதில் ஒரு துண்டு இன்னும் ஷெட்டில் ஆணியில் தொங்குகிறது. நான் ஏதாவது யோசனை சொல்ல ஆரம்பித்தால் பேசமாட்டாள், அதைப் பார்ப்பாள்.

2018இல் ஓய்வு பெற்றேன். ஒரு வாரம் பேப்பர் படித்தேன். பிறகு ஷெட்டுக்குப் போய், "எனக்கும் ஏதாவது குடு" என்றேன். 6 மாதம் நூலுக்கு மெழுகு தேய்க்கிற வேலைதான் கொடுத்தாள். இப்போது துளை போடுகிறேன். கோணலாகப் போனால் "திரும்ப எழுது" என்கிறாள், நான் உங்களிடம் சொன்ன அதே தொனியில்.

போன வாரம் அவளுக்குக் கண்புரை பார்க்கப் போனோம். சீட்டுப் போடுகிற பெண் "அம்மா என்ன பண்றாங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் இவளே, "தோல் பை தைக்கிறேன்மா, ஊசித் துளை தெரியணும், அப்படிப் பாத்து செய்யச் சொல்லுங்க" என்றாள்.

ஆபரேஷன் அடுத்த மாதம். அதுவரை புது வேலை எதுவும் எடுக்கவில்லை, யாரும் பை கேட்டு போன் செய்ய வேண்டாம். இந்தப் பதிவைப் போடும் முன் அவளுக்குப் படித்துக் காட்டினேன். பிளஸ் ஒன் விண்ணப்பம் வந்த இடத்தில், "காதுல விழுந்துச்சு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆஸ்பத்திரியில போட்டது 4 தையல் இல்லங்க, 5" என்றாள்.