மிலாறும் சாம்பலும்

ஒரு கிலோ தேயிலைத்தூள் உண்டாவதற்கு மண்ணிலிருந்தும் வனத்திலிருந்தும் ஆற்றிலிருந்தும் எதெது எவ்வளவு எடுக்கப்பட்டது, அந்தத் தூள் எங்கோ ஒரு தேசத்துக் கோப்பையில் சாரமிழந்து சக்கையான பிறகு எது எங்கே போய்ச் சேர்ந்தது என்று ஆதியோடந்தமாகக் கணக்கெழுதுவது என் தொழில். வாழ்க்கை வட்ட மதிப்பீடு என்பது அதன் சம்பிரதாயமான பெயர். நிறுப்பதையும் கூட்டுவதையும் சிரத்தையுள்ள எவரும் விரைவில் கற்றுவிடலாம். ஆனால் கணக்கின் எல்லையை எவ்விடத்தில் இடுவது என்ற விஷயம், ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் மலைமலையாக ஏறியிறங்கிய பின்னும், ஒவ்வொரு தோட்டத்திலும் எனக்குப் புதிய விசாரமாகவே வந்து நிற்கிறது.

பேக்டரிக்குள் அந்த விசாரம் அதிகமில்லை. ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வாடி, ரோலரில் நசுங்கி, நிறம் மாறி, உலர்ந்து ஒரு கிலோத் தூளாகிறது. அதற்குள் ஒன்றரைக் கிலோ அளவில் விறகு எரிந்துவிடுகிறது. (வாங்கியவர் வீட்டில் நீர் கொதிக்க ஆகும் செலவு பல சமயம் பேக்டரியையும் மிஞ்சிவிடும், அது நம் கைக்கு எட்டாத அடுப்பு.) வெட்டிய கையோடு வந்திறங்கும் யூக்கலிப்டஸ் கட்டையின் எடையில் ஏறக்குறைய பாதி நீராதலால், அதை அப்படியே உலைக்குள் தள்ளுகிற தோட்டம், கொழுந்தின் ஈரத்தைப் போக்குமுன் விறகின் ஈரத்தைப் போக்குவதில் உஷ்ணத்தை விரயம் செய்கிறது. பிளந்து, கூரையின் கீழ்ச் சில மாதம் அடுக்கிவைத்தால் போதும். அந்த விறகுக் கொட்டகையைவிட மலிவான சீர்திருத்தம் ஒன்றை நான் கண்டதில்லை. ஆயினும் கொட்டகைக்கு எவரும் திறப்புவிழா எடுப்பதில்லையாதலால் அறிக்கைகளில் அதற்கு இடம் கிடைப்பது அரிது.

எரிந்த விறகின் சாம்பலில் தொடங்குகிறது சங்கடம். அதில் பொட்டாசியமும் சுண்ணாம்பும் உண்டு. தோட்டத்தில் எடுத்ததைத் தோட்டத்துக்கே திருப்புவோம் என்று எண்ணி அதைத் தேயிலையின் அடியில் கொட்டுவோரும் உண்டு. தேயிலையோ பிஎச் 4.5 முதல் 5.5 வரையுள்ள அமில மண்ணை நாடும் செடி. சாம்பல் மிகுந்தால் அதற்கு ஆகாது. அதே சாம்பல், கந்தப்பளையில் கோவாவும் லீக்ஸும் போடுகிறவர் காசு கொடுத்து வாங்கும் சுண்ணாம்பின் வேலையில் ஒரு பகுதியைச் செய்துவிடும்; அவர் கழித்துப் போடும் கோவா இலை கூட்டுரமாகித் தேயிலை மலைக்கு ஏறலாம். ஒரு தோட்டத்தின் வேலிக்குள்ளேயே வட்டத்தை மூடப் பார்க்கும் திட்டங்கள் முடங்கிப்போவதற்கு, பக்கத்து வேலியில் என்ன தேவை என்று விசாரியாததே காரணம் என்பது என் அபிப்பிராயம்.

பிரதேசம் முழுவதையும் ஒரே கணக்கில் சேர்த்தாலும் வட்டம் பூரணமாக மூடுவதில்லை. உலர்ந்த தேயிலையில் ஏறக்குறைய நூற்றுக்கு நாலு பங்கு நைதரசன். ஆயிரம் கிலோத் தூள் கொழும்புத் துறைமுகத்தைத் தாண்டும்போது சுமார் 40 கிலோ நைதரசனும் உடன் தாண்டுகிறது, திரும்பி வருவதில்லை. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி ஒரே ஆணையால் நின்றபோது இந்தக் கணக்கை அறிந்தவர்கள் திகைத்துப்போனோம். 50 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கொண்ட கூட்டுரத்திலிருந்து அவ்வளவைப் பெற வேண்டுமானால் ஒன்றரை டன் எருவைச் செங்குத்தான மலைமேல் சுமந்தாக வேண்டும். சுமப்பவர் யார், அத்தனை சாணமும் தழையும் எங்கே? அவ்வாண்டு முடிவதற்குள் தடை நீங்கியும் உரத்தின் விலை எட்டாத உயரத்தில் நிற்க, ஏறத்தாழ 300 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் உற்பத்தி 2022இல் 250 மில்லியன் அளவுக்கு இறங்கியது.

அப்போதுதான் மிலாறின் அருமை பலருக்குத் தெரிந்தது. உயர்ந்த மலைகளில் நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டும்போது விழும் மிலாறை, அதாவது கிளையையும் இலையையும், அங்கேயே பரப்பிவிட்டால், கூரையிழந்த மண்ணை மழை அரித்துக் கானுக்கும், கானிலிருந்து காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்களுக்கும் கொண்டுபோகாமல் அது தடுக்கும். பின் மக்கி உரமாகும். என் ஏட்டில் மண்ணுக்குத் திரும்பும் பொருள் என்ற பத்தியில் அதை ஏற்றுவது வழக்கம். ஆனால் கவ்வாத்து நடந்த மலையிலிருந்து அந்த மிலாறு கட்டுக்கட்டாகத் தலைமேலேறித் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போய்விடுகிறது. அதைப் பற்றி விசாரித்தபோது கொழுந்தெடுக்கும் அம்மா ஒருவர், “மலையிலேயே விட்டுட்டா ராவைக்கு எதை வச்சு சோறாக்குறதுங்க ஐயா?” என்றார். பேக்டரியின் உலை என் கணக்குக்குள் இருந்தது, அவருடைய அடுப்பு இல்லை. சமையல் எரிவாயுவுக்கு நாடெங்கும் ஜனங்கள் வரிசை நின்ற 2022இல், காஸுக்கு மாறியிருந்த லயத்து அடுப்புகளும் விறகுக்குத் திரும்பியதால் மலையில் மிஞ்சியது இன்னும் சொற்பம். மிலாறுக்குக் காவல் போட நினைக்கும் நிர்வாகங்கள் உண்டு. சோறு பொங்குவதைக் காவல் போட்டு நிறுத்த முடியுமா?

ஆகவே இப்போது எல்லையை லயத்துக்கும் அப்பால் இடுகிறேன். குடும்பம் ஒன்றுக்கு வாரத்தில் எவ்வளவு விறகு வேண்டும் என்று நிறுத்துக்கொண்டு, தேயிலை பட்டுப்போன சரிவுகளில் வெட்ட வெட்டத் துளிர்க்கும் மரங்களை லயத்தாரின் உபயோகத்துக்கென்றே நடச் சொல்கிறேன்; புகை குறைந்த அடுப்பும் உடன் வேண்டும். அந்தச் செலவை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று ஒரு நிர்வாகி கேட்டார். உரத்தின் கீழ் எழுதலாம் என்றேன்; அடுப்பில் எரியாமல் மலையிலேயே கிடக்கும் ஒவ்வொரு கட்டு மிலாறும், அவர் வாங்க வேண்டிய மூட்டையில் சிறிதளவைக் குறைக்கிறது.