புல்லட் பாட்டம் எண்ட் பிரிச்ச கதை (கொஞ்சம் நீளமான த்ரெட்)

அப்பாவோட 1996 மாடல் புல்லட் 350. மூணு மாசமா இன்ஜினோட அடிவயித்துல இருந்து ஒரு "டொக் டொக்". போன ஞாயித்துக்கிழமை தண்டலத்துல ஒரு மெக்கானிக் அண்ணன் ஷெட்ல வெச்சு அதோட பாட்டம் எண்டைப் பிரிச்சோம். சத்தத்துக்குக் காரணம் கிடைச்சது. கூடவே ஏழு வருஷம் முன்னாடி நான் செஞ்ச ஒரு தப்பும் வெளிய வந்தது. ரெண்டையும் எழுதிடறேன்.

முதல்ல சத்தம். பிஸ்டன் தேய்ஞ்ச வண்டின்னா காலையில ஸ்டார்ட் பண்ணும்போது தட்டும். சூடானதும் பிஸ்டன் விரிஞ்சு இடைவெளி குறைஞ்சு சத்தம் அடங்கிடும். பிக் எண்ட் போயிருந்தா நேர் எதிர். சூடாகி ஆயில் இளகின பிறகு, லோடு ஏறும்போது சத்தம் கூடும். என் வண்டி ரெண்டாவது ரகம். பெருமையா ஸ்டெதஸ்கோப் எடுத்துட்டுப் போயிருந்தேன். அண்ணன் ஒரு நீள ஸ்க்ரூடிரைவர் முனையை கிராங்க்கேஸ்ல ஊன்றி, பிடியைக் காதுல வெச்சார். பத்து செகண்ட். "கீழதான் சார்." ஸ்டெதஸ்கோப் பையிலேயே இருந்தது.

கார் இன்ஜின்ல கனெக்டிங் ராடோட அடிப்பக்கம் ரெண்டு போல்ட்டைக் கழற்றினா பிரிஞ்சு வந்துடும். புல்லட்ல அப்படி இல்ல. ராட் ஒரே துண்டு. ரெண்டு ஃப்ளைவீல், நடுவுல கிராங்க் பின், அதுல ராட். எல்லாம் சேர்ந்து ஒரே உருப்படியா கிராங்க்கேஸுக்குள்ள உக்காந்திருக்கும். அந்த பிக் எண்டைப் பார்க்கணும்னா இன்ஜினை வண்டியில இருந்து இறக்கி, கேஸை ரெண்டு பாதியா பிளந்தாகணும். அதனாலதான் நிறைய பேர் சத்தத்தோடவே ஓட்டிட்டிருப்பாங்க. நானும் மூணு மாசம் ஓட்டினேன்.

ஒரு சின்ன விஷயம். தண்டலத்துல இருந்து கொஞ்ச தூரத்துல ஒரகடம், வல்லம் வடகால். 2013லயும் 2017லயும் ராயல் என்ஃபீல்டு அங்க புதுத் தொழிற்சாலைகள் திறந்தாங்க. ஆனா இந்தப் பழைய காஸ்ட் அயர்ன் இன்ஜின் திருவொற்றியூர் காலத்துது. அந்தக் கதை மெட்ராஸ்ல 1955ல ஆரம்பிக்குது. 70 மில்லிமீட்டர் போர், 90 ஸ்ட்ரோக், 346 சிசி. இங்கிலாந்துக்காரன் போட்ட டிசைனை பெருசா மாத்தாம நாம அரை நூற்றாண்டு செஞ்சிட்டிருந்தோம்.

ஹெட், சிலிண்டர் எல்லாம் காலையில பத்து மணிக்குள்ள வந்துடுச்சு. இடது பக்கம் பிரைமரி செயின், கிளட்ச். வலது பக்கம் டைமிங் கவர். அங்கதான் நான் வேலையைக் கெடுக்கப் பார்த்தேன். கிராங்க் முனையில ஆயில் பம்பை ஓட்டற ஒரு நட் இருக்கு. ஸ்பேனரை மாட்டி வழக்கம்போல இடது பக்கமா தம் கட்டி இழுத்தேன். அசையலை. பைப்பை மாட்டி இழுக்கலாம்னு பார்த்தேன். அண்ணன் கையைப் பிடிச்சு நிறுத்தினார். "சார், அது இடது மரை. நீங்க இறுக்கிட்டிருக்கீங்க."

பிடிச்ச கையில ஆள்காட்டி விரலும் நடு விரலும் பாதிக்கு மேல இல்ல. காலையிலேயே கவனிச்சிருந்தேன். கேக்கலை. டியூட்டி இல்லாத நாள்ல ஹிஸ்டரி எடுக்கறது எனக்குப் பிடிக்காது.

ஆயில் ஃபில்டர் கம்பளித் துணி மாதிரி இருக்கும். அதை வெயில்ல விரிச்சுப் பிடிச்சார். வெள்ளி ஜிகினா தூவின மாதிரி மின்னிச்சு. இந்த இன்ஜின்ல பிக் எண்டுக்கு ரோலர் பேரிங் கிடையாது. ஒயிட் மெட்டல் பூசின ஒரு புஷ் மிதந்துட்டிருக்கும். மின்னினது அதோட தூள். "ரொம்ப நாளா சொல்லிட்டுத்தான் இருந்திருக்கு சார்."

கேஸைப் பிளக்கும்போது ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. ரெண்டு பாதிக்கும் நடுவுல ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பாதீங்க. அலுமினியம், ஒரு கீறல் விழுந்தா அந்த இடத்துல ஆயுசுக்கும் ஆயில் கசியும். ரப்பர் சுத்தியால சுத்தி சுத்தித் தட்டணும். எங்கயாவது வரமாட்டேன்னா, கழற்றாத ஸ்டட் ஒண்ணு ஒளிஞ்சிருக்குன்னு அர்த்தம். மெயின் பேரிங்கையும் அடிச்சுக் கழற்றக் கூடாது. கேஸை சூடு பண்ணினா போதும். இரும்பைவிட அலுமினியம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு விரியும், பேரிங் தானா விழுந்துடும்.

கிராங்க் கைக்கு வந்ததும் ராடை மேல நிறுத்தி நேரா இழுத்துத் தள்ளிப் பார்த்தோம். பக்கவாட்டுல கொஞ்சம் ஆடலாம், அது இருக்க வேண்டிய ஆட்டம். மேலயும் கீழயும் ஆடவே கூடாது. இது நல்லாவே ஆடுச்சு.

நான் அதோட முடிஞ்சதுன்னு நெனச்சேன். அண்ணன் விடலை. "புஷ் போச்சு சரி. ஏன் போச்சு?" டைமிங் கவரை எடுத்து உள்பக்கம் காட்டினார். பம்ப்ல இருந்து வர்ற ஆயில் கிராங்க் முனை வழியா பிக் எண்டுக்குப் போகணும். அந்த ரெண்டும் சேர்ற இடத்துல ஒரு சின்ன சீல். அது இறுகி, ஓரம் பிய்ஞ்சு கிடந்தது. ஆயில் உள்ள போகாம வெளியவே வழிஞ்சு, திரும்ப டேங்குக்கே போயிட்டிருந்திருக்கு. மூடியைத் திறந்து பார்த்து "ஆயில் நல்லா சுத்துதே"ன்னு திருப்திப்பட்டவன் நான். பிரஷர் நல்லா இருக்கு, ஆனா கடைசி விரலுக்கு ரத்தம் போகலைங்கற கேஸ். புது புஷ் போட்டு இந்த சீலை விட்டிருந்தா சில மாசத்துல மறுபடி இதே ஷெட்ல நின்னிருப்பேன்.

டீசல்ல கை கழுவும்போதுதான் கேட்டார். "சார், என்னை ஞாபகம் இல்லையா?"

இல்ல.

"கிரைண்டர்னு எழுதினீங்களே."

அப்போ நான் ஒரு அரசு மருத்துவமனையில கேஷுவாலிட்டி டியூட்டி. நைட் ரெண்டு மணி இருக்கும். ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தாங்க, கூட யூனிஃபார்ம் சட்டையில ஒரு சூப்பர்வைசர். அவர்தான் பேசினார். "வீட்ல கிரைண்டர்ல மாட்டிக்கிச்சு." அடிபட்டவர் தலையை ஆட்டினார். நான் ஏ.ஆர்.ல எழுதினேன்: வீட்டில் கிரைண்டரில் கை மாட்டியதாகக் கூறப்படுகிறது. அந்தக் "கூறப்படுகிறது" எங்களுக்கு நல்ல குடை. கட்டுப் போட்டு, ஊசி போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் பண்ணி, அடுத்த கேஸுக்குப் போயிட்டேன்.

ரெண்டு விரலும் ஒரே மட்டத்துல தட்டையா நசுங்கியிருந்தது. காயத்துக்குள்ள கருப்பு கிரீஸ். கிரைண்டர்ல மாட்டின கையில மாவு இருக்கும்யா, கிரீஸ் எங்க இருந்து வரும்? அவர் சொன்னதும் அந்தக் காயம் எனக்கு அப்படியே ஞாபகம் வந்துடுச்சு. அன்னைக்கே பார்த்திருக்கேன். கேக்கலை.

ஒரு பிரஸ் ஷாப்ல கான்ட்ராக்ட் ஆளா இருந்திருக்கார். ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டனை அமுக்கினாத்தான் பிரஸ் இறங்கணும். வேகத்துக்காக ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டிட்டாங்களாம்.

வேலையில அடிபட்டதுன்னு பதிவாகியிருந்தா? இஎஸ்ஐ இருந்தா முதல் நாள் வேலையிலயே அடிபட்டாலும் பலன் உண்டு, குறைஞ்சபட்ச சந்தா எல்லாம் தேவையில்ல. நிரந்தர ஊனத்துக்கு மாசாமாசம் பணம். இஎஸ்ஐ இல்லாதவங்களுக்கு அப்போ 1923 இழப்பீட்டுச் சட்டம் இருந்தது. இவருக்கு சந்தா பிடிச்சாங்களான்னே தெரியாது, சம்பளச் சீட்டு கண்ணால பார்த்ததில்ல. கையில இருந்த ஒரே காகிதம் என் ஏ.ஆர். அதுல கிரைண்டர். செலவுக்குன்னு கொஞ்சம் பணம் கொடுத்து அனுப்பிட்டாங்க.

"நானும்தான சார் தலையாட்டினேன்"னார். அது எனக்கு ஆறுதலா இல்ல.

இப்போல்லாம் கை அடிபட்டு யார் வந்தாலும் கூட வந்தவங்களை வெளிய அனுப்பிட்டுத்தான் ஹிஸ்டரி கேக்கறேன். அது பின்னாடி ஒரு சீனியர் திட்டி வந்த பழக்கம். இவருக்கு லேட்.

ரொம்ப லேட்டான்னு ஒரு வக்கீல் நண்பர்கிட்ட கேட்டேன். அந்தச் சட்டத்துல ரெண்டு வருஷ கெடு. தகுந்த காரணம் இருந்தா ஆணையர் தாமதத்தை மன்னிக்கலாம், ஆனா ஏழு வருஷம் கஷ்டம்னார். ஏ.ஆர்.ல நான் இனி ஒரு எழுத்துகூட மாத்த முடியாது, மாத்தவும் கூடாது. ஆனா காயம் எப்படி இருந்தது, யார் பேசினாங்கன்னு தனியா வாக்குமூலம் கொடுக்கலாம். எழுதிட்டேன். அண்ணன் ரெண்டு நாள் யோசிச்சு சரின்னார். இதை எழுதறதும் அவர் சம்மதத்தோடதான். பேரும் கம்பெனியும் வேண்டாம்னுட்டார்.

கிராங்க் இப்போ லேத்ல இருக்கு. புது ராட், புது புஷ் போட்டு, ரெண்டு சென்டருக்கு நடுவுல மாட்டி டயல் கேஜ் வெச்சு ஓட்டம் பார்க்கணும். புதன்கிழமை தர்றாங்களாம். சீல் வாங்கியாச்சு, மொத்த பில்லுலயே விலை குறைஞ்ச ஐட்டம் அதான்.

செவ்வாய்க்கிழமை லேபர் ஆபீஸ் போறோம். அண்ணன் வண்டியில. என்னோடது இன்னும் ரெண்டு பாதியா பெஞ்சுல கிடக்கு.