ஒரு சுற்றில் இரண்டு முறை

மாமாவின் லோரி என்னைவிட இரண்டு வயது மூத்தது. பினாங்கில் தேங்காய் ஏற்றுகிறது. தண்ணீர்மலைக்குப் போகும் தேர்ப்பாதையில் உடைபடும் காய்களில் கொஞ்சம் அதில் வந்தவைதான். போன தைப்பூசத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஸ்டியரிங்கைத் திருப்பினால் 'டக்' என்று சத்தம்.

"இஞ்சினியர் நீ இருக்கியே, பாரு தம்பி" என்றார்.

கேபினைத் தூக்கிப் பார்த்தேன். ஸ்டியரிங்கைக் கீழே உள்ள கியர்பாக்ஸோடு இணைக்கும் தண்டில் ஒரு யு-ஜாயின்ட் தேய்ந்து ஆடியது. கேபின் சாயும்போது இந்தத் தண்டும் நீள வேண்டும். அதனால் அது ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு துண்டு, நடுவில் பல்வரிசை. இரண்டு முனையிலும் ஒரு யு-ஜாயின்ட். பிறையில் பழைய சாமான் கடையில் இன்னொரு தண்டு கிடைத்தது. கிரீஸ் போடுவதற்காக அதைப் பிரித்தேன். பிரிக்கும்முன் கோடு போடவில்லை.

சக்கரம் நேர், ஸ்டியரிங் நேர், போல்ட் புதுசு. மாமா ஒரு ரவுண்டு போய் வந்தார்.

"சத்தம் இல்ல. ஆனா புடிச்சுப் புடிச்சு விடுதுடா. ஒரு சுத்துல ரெண்டு தடவ."

நான் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. "வேற தண்டுல்ல மாமா, பழகிடும்" என்றேன். முப்பது வருஷம் லோரி ஓட்டியவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. ரெண்டு தடவ. ரெண்டு தடவ. ஹூக் மூட்டு! பல்கலைக்கழகத்தில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கிய கணக்கு. மூட்டு 30 டிகிரி மடங்கியிருந்தால், ஒரு பக்கம் சீராகச் சுற்றினாலும் மறுபக்கத்தின் வேகம் 0.87 மடங்குக்கும் 1.15 மடங்குக்கும் நடுவே ஏறி இறங்கும், ஒரு சுற்றுக்குச் சரியாக இரண்டு முறை. முதல் மூட்டின் கோணலை இரண்டாவது மூட்டு சமன் செய்யும். அதற்கு நடுத்தண்டின் இரண்டு கவைகளும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். நான் பல் மாற்றிக் கோர்த்திருந்தேன்.

விடியற்காலை ஐந்து மணிக்குப் போன் அடித்தேன். "லோரிய எடுக்காதீங்க மாமா. பாலத்துக்குப் போகாதீங்க."

பாலத்தில் பெரிய விபத்து நடந்திருக்கும் என்றெல்லாம் கதை விட மாட்டேன். ஸ்டியரிங் கனத்தும் இளகியும் வந்திருக்கும், அவர் கை அதைச் சமாளித்திருக்கும். என்னை உறுத்தியது வேறு. சமன்பாட்டின் விடையை அவர் உள்ளங்கை சொல்லியது; நான் சொன்ன ஒரு வார்த்தைக்காக அந்தக் கையை அவர் சந்தேகப்பட்டார்.

அன்று காலை மறுபடியும் பிரித்தோம். அவர் டார்ச் பிடித்தார், நான் கவைகளை நேராக்கிக் கோர்த்தேன். ஒரு ரவுண்டு போய் வந்து, "இப்ப சரி" என்றார். திட்டவில்லை. வெள்ளைப் பெயின்ட் டின்னை எடுத்துவந்து, இரண்டு துண்டும் சேரும் இடத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"அடுத்து கழட்றவனுக்கு" என்றார்.