வெட்டாமல் விட்ட சட்டகம்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஒரு பண்ணைவீட்டின் கொட்டகையில், 1971-ஆம் ஆண்டின் செவ்ரோலே சி10 பிக்கப் வண்டி ஒன்று நெடுங்காலம் நின்றிருந்தது. வைக்கோல் கட்டுகளும் வேலிக்கம்பங்களும் சுமந்து ஓய்ந்த வண்டி. தந்தையின் மறைவுக்குப் பின் அது மகனிடம் வந்தது. ஐம்பது வயதைக் கடந்த அந்த மகனுக்குப் பண்ணை இல்லை; சுமப்பதற்கு வைக்கோலும் இல்லை. பரந்த வாகன நிறுத்திடங்களில் கூம்புகளை நட்டு, வண்டிகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டு நேரத்தை அளக்கும் ஆட்டோகிராஸ் போட்டியில் மட்டும் அவருக்கு ஈடுபாடு இருந்தது. தந்தையின் வண்டியையே அதற்கு ஆயத்தப்படுத்த அவர் முடிவு செய்தார்.

முதல் திட்டம் எளிதாகவே தோன்றியது. பின்புறத்தை 150 மில்லிமீட்டர் இறக்குவது. பழைய அமைப்பை நீக்கிவிட்டு, நான்கு தண்டுகள் கொண்ட புதிய சஸ்பென்ஷனைப் பற்றவைப்பது. ஷாக் அப்சார்பரைச் சுற்றிச் சுருள்வில் பொருந்திய காயிலோவர்களை மாட்டுவது. ஆனால் அவ்வளவு இறக்கினால் பின் அச்சு மேலெழும்போது சட்டகத்தில் இடிக்கும். அச்சுக்கு மேலே சட்டகத்தைப் பிறை வடிவில் வெட்டி எடுத்து, சுற்றிலும் தகடு வைத்து வலுவூட்ட வேண்டும். வெட்டிய சட்டகத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலாது. வெட்டும் கருவியைக் கையில் எடுப்பதற்கு முன் அவர் சில வாரங்கள் காகிதத்தோடு உட்கார்ந்ததற்கு அதுவே காரணம்.

ஒரு திண்மப் பொருளுக்கு ஆறு சுதந்திர இயக்கக் கூறுகள் உண்டு என்பது இயந்திரவியலின் முதற்பாடம். பின் அச்சுக்கு அவற்றில் இரண்டை மட்டுமே விட்டுவைக்க வேண்டும்: மேலும் கீழுமாக அசைவது, வண்டியைப் பொறுத்து இடம் வலமாகச் சாய்வது. முன்பின் நகர்வு, பக்கவாட்டு நகர்வு, திசை திரும்பல், தன்னைத்தானே சுற்றும் முறுக்கு ஆகிய நான்கையும் தடுத்தாக வேண்டும். இரு முனைகளிலும் தடையின்றித் திரும்பும் ஒரு தண்டு ஒரு கூறைத் தடுக்கும் என்பதால் தேவை நான்கு தண்டுகள். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபோது, விற்பனைப் பட்டியல்களில் ஒன்றுபோலத் தெரிந்த அமைப்புகள் தனித்தனியாகப் பிரிந்தன. மூன்று நெடுந்தண்டுகளும் பக்கவாட்டில் ஒரு பேன்ஹார்டு தண்டும் கொண்ட அமைப்பில் கணக்கு நான்கில் முடிகிறது. 2005 முதல் 2014 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங் கார்களின் பின் அச்சு இவ்வகையைச் சேர்ந்தது. சாயும்போது எதுவும் இறுகாது. ஆனால் முடுக்கத்தின் முறுக்கு எதிர்விசையை மேலே உள்ள ஒற்றைத் தண்டே தாங்க வேண்டும். அதற்குச் சட்டகத்தின் நடுவில் உறுதியான பிடிமானமும், சரக்குத் தளத்தின் அடியில் இடமும் வேண்டும். மேல் தண்டுகள் இரண்டையும் சாய்வாக வைக்கும் முக்கோண நான்கு தண்டு அமைப்புக்குப் பேன்ஹார்டு தேவையில்லை. ஆனால் எரிபொருள் தொட்டியையும் புகைபோக்கிக் குழாயையும் கொண்டுபோக விரும்பும் இடத்தை அதன் தண்டுகள் பிடித்துக்கொள்ளும். இணையான நான்கு தண்டுகளோடு பேன்ஹார்டும் சேர்ந்தால் தடைகள் ஐந்து. மேல் தண்டுக்கும் கீழ்த் தண்டுக்கும் நீளமோ சாய்வோ வேறுபட்டால், வண்டி சாயும்போது இடப்பக்கம் அச்சை ஒரு திசையிலும் வலப்பக்கம் எதிர்த்திசையிலும் முறுக்க முயலும். ரப்பர் புஷ்கள் நெகிழும்வரை குறை தெரியாது. நெகிழ்ச்சி தீர்ந்த நொடியில் பின்புறத்தின் சாய்வு விறைப்பு திடீரென உயரும். வளைவின் நடுவே பின் டயர் முன்னறிவிப்பின்றிப் பிடி இழக்கும்.

வண்டியில் ஏற்கெனவே இருந்த அமைப்பு இவற்றுள் எதிலும் அடங்காதது. இரண்டு நீண்ட இரும்புக் கைகள் பின் அச்சோடு யு-போல்ட்டுகளால் இறுகப் பிணைக்கப்பட்டு, முன்னோக்கி ஒன்றையொன்று நெருங்கிச் சென்று, ஒரு குறுக்குச் சட்டத்தில் ரப்பர் புஷ்களில் முடிகின்றன. பக்கவாட்டில் ஒரு பேன்ஹார்டு தண்டு. ஏட்டுக் கணக்கின்படி இது சாயவே கூடாத அமைப்பு. ஆயினும் சாய்கிறது. கைகளின் குறுக்குவெட்டு ‘ஐ’ எழுத்தைப் போன்றது. வளைப்பை நன்றாகத் தாங்கும், முறுக்குக்கு எளிதில் இணங்கும். முன்முனைகள் நெருக்கமாக இருப்பதால் தேவைப்படும் முறுக்கும் சிறிதே. பண்ணை வண்டிக்கென வடிவமைத்த இந்தக் கைகளின் ஏற்பாட்டைத்தான் நாஸ்கார் பந்தயக் கார்கள் 1960-களில் எடுத்துக்கொண்டன. அதன் முதன்மைப் போட்டித் தொடரில் 2021 வரை அதுவே ஓடியது. சக்கரங்கள் தனித்தனியே இயங்கும் பின் சஸ்பென்ஷன் 2022-இல்தான் வந்தது.

இதை அறிந்தபோது அவர் மகிழ்ந்தார். உடனே ஒரு தவறும் செய்யப் பார்த்தார். பழைய கைகளுக்குப் பதிலாகச் சதுரக் குழாயால் ஆன ‘வலுவான’ கைகளை வாங்க எண்ணினார். மூடிய குழாய் முறுக்குக்கு இணங்காது. எந்த நெகிழ்வால் அந்த அமைப்பு இயங்குகிறதோ, அதையே அந்த வலு பறித்துவிடும். அத்திட்டம் கைவிடப்பட்டது.

அடுத்து உயரம். இறக்கிய வண்டியில் ஈர்ப்பு மையம் தாழ்கிறது. வளைவில் வெளிச்சக்கரத்துக்குப் பாயும் எடை குறைகிறது. அது நன்மை. ஆனால் 900 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு பேன்ஹார்டு தண்டு கிடையாக இருந்த நிலையிலிருந்து 150 மில்லிமீட்டர் உயரம் மாறினால், அச்சு ஏறத்தாழ 13 மில்லிமீட்டர் ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். 100 மில்லிமீட்டர் மாறினால் நகர்வு 6 மில்லிமீட்டருக்குள் அடங்கும். நீளத்தை மாற்றத்தக்க தண்டும், அதை மீண்டும் கிடையாக்கும் புதிய பிடிமானமும் இருந்தால் அதையும் சரிசெய்யலாம். 100 மில்லிமீட்டரோடு நிறுத்தினால் சட்டகத்தை வெட்டாமலேயே அச்சு மேலெழ 75 மில்லிமீட்டர் இடம் எஞ்சும் என்று அளந்து கண்டார். அன்றே 150 என்ற எண்ணைக் காகிதத்தில் அடித்தார்.

காயிலோவரைப் பலரும் நீளத்தையும் பெயரையும் பார்த்து வாங்கி, வில்லைப் பிறகு யோசிப்பார்கள். அவர் எடையிலிருந்து தொடங்கினார். ஒரு பின் சக்கரத்தின் மீது 350 கிலோ; அதில் அச்சும் சக்கரமுமாக 80 கிலோ போக, வில் தாங்குவது 270 கிலோ. விநாடிக்கு 2 அதிர்வுகள் வேண்டுமெனில் சக்கரத்தின் இடத்தில் தேவையான விறைப்பு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 43 நியூட்டன். காயிலோவரைச் செங்குத்திலிருந்து 20 பாகை சாய்த்து மாட்டினால் அதன் விறைப்பில் 88 விழுக்காடே பயன்படும். எனவே வில் 48 நியூட்டன் வலிமையுடையதாக இருக்க வேண்டும். கடை வழக்கில் சொன்னால், அங்குலத்துக்கு 275 பவுண்டு. வில்லின் அடித்தட்டைத் திருகினால் வண்டி உயரும். வில்லின் விறைப்பு மாறாது. இதைக் குழப்பிக்கொள்ளாதவர் குறைவு.

சாய்வுக்குக் கணக்கு வேறு. சக்கரங்களுக்கிடையே 1.5 மீட்டரும் வில்களுக்கிடையே 1 மீட்டரும் இருந்தால், பக்கச் சாய்வை எதிர்ப்பதில் வில்களின் பங்கு ஒன்பதில் நான்காகச் சுருங்கிவிடும். ஆகவே காயிலோவர்களைச் சட்டகமும் டயரும் இடம்விட்ட மட்டும் வெளியே தள்ளி வைத்தார். குறையை ஈடுசெய்ய வில்லை மேலும் கடினமாக்கவில்லை.

கடைசிக் கணக்கு அவரைச் சற்றே நிறுத்தியது. தளத்தில் 450 கிலோ ஏற்றினால் பின்புறம் எவ்வளவு இறங்கும்? ஏறத்தாழ 52 மில்லிமீட்டர். எஞ்சிய 75-இல் மூன்றில் இரு பங்கு நின்ற இடத்திலேயே தீர்ந்துவிடும். முதல் பள்ளத்திலேயே அச்சு தடுப்பில் மோதும். தந்தை நாள்தோறும் ஏற்றிய சுமையை இந்த வண்டி இனிப் பத்திரமாகச் சுமக்காது. எந்தத் தண்டு அமைப்பைத் தேர்ந்திருந்தாலும் இந்த விடை பெரிதாக மாறியிராது. வளைவில் விரைவதையும் சுமப்பதையும் ஒரே வில்லிடம் கேட்க முடியவில்லை.

இறுதியில் வண்டியில் இருந்தவை தந்தையின் இரும்புக் கைகள், புதிய ரப்பர் புஷ்கள், நீளம் மாற்றத்தக்க பேன்ஹார்டு தண்டு, போல்ட்டுகளால் மட்டும் பொருத்திய குறுக்குச் சட்டம், இரண்டு காயிலோவர்கள். மூன்று தண்டு அமைப்பு தந்திருக்கக்கூடிய நுண்ணிய சரிசெய்தல் வாய்ப்புகள் இதில் இல்லை என்பதை அவர் அறிவார். அதன் விலையாகச் சட்டகம் முழுமையாக இருக்கிறது. பழைய சுருள்வில்கள் இரண்டும் எண்ணெய் தடவிய துணியில் சுற்றப்பட்டு, கொட்டகையின் பலகைக்கு அடியில் கிடக்கின்றன. போல்ட்டுகளைக் கழற்றி அவற்றை மீண்டும் ஏற்ற ஒரு நாள் வேலை போதும்.