ஜீப்புக்கு டீசல் இன்ஜின்: லாபமா, நஷ்டமா?

பி.காம் படிக்கிற எல்லாரும் முதல் வருஷமே ஒரு கணக்கைத் தாண்டித்தான் வரணும். "ஒரு பஸ் கம்பெனி தன் பழைய பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜின் பொருத்தியது. இது முதலினச் செலவா, வருவாயினச் செலவா?" பதில் எல்லாருக்கும் மனப்பாடம். எரிபொருள் செலவு பல வருஷத்துக்குக் குறையுது, அதனால முதலினச் செலவு. ரெண்டு மார்க். அடுத்த கேள்வி.

ஆனா இது வாத்தியார் உட்கார்ந்து யோசிச்சு உண்டாக்கின கேள்வி இல்லை. சென்னையில இருந்து கிளம்பின ஒரு வருமான வரி வழக்கு இதே விஷயத்துக்காக 1964-ல் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிருக்கு. ஒரு பஸ் முதலாளி தன் பஸ்களோட பழைய இன்ஜினைத் தூக்கிட்டு டீசல் இன்ஜின் மாட்டினார், புது இயந்திரத்துக்குக் கிடைக்கிற கூடுதல் தேய்மானம் வேணும்னு கேட்டார். பஸ்ஸுக்குள்ள இருக்கிற இன்ஜினைத் தனி இயந்திரம்னு சொல்ல முடியுமாங்கிறதுதான் சண்டை. முடியும்னு கோர்ட் சொல்லிடுச்சு. முதலாளிக்கு ஜெயம்.

இந்தப் பதிவு பஸ் பத்தி இல்லை. அதே வேலையைச் செஞ்சுக்கிட்ட ஜீப் பத்தி. அதுவும் குமரி மாவட்டத்து மலைப்பக்கம் ஓடுற பழைய ஜீப்.

முதல்ல கொஞ்சம் வரலாறு. 1945-ல் தொடங்கின மஹிந்திரா கம்பெனி, 1947-ல் அமெரிக்காவோட வில்லிஸ் ஜீப்பைப் பாகங்களா இறக்குமதி செஞ்சு பம்பாயில் கோக்க ஆரம்பிச்சுது. பிறகு இங்கே ரொம்ப வருஷம் ஓடின மாடல் சி.ஜே.3பி. பானட் உயரமா, முகம் கொஞ்சம் நீட்டினாப்ல இருக்கும். அது அழகுக்காக வெச்ச உயரம் இல்லை. உள்ள இருந்த 2.2 லிட்டர் 'ஹரிக்கேன்' பெட்ரோல் இன்ஜின்ல இன்டேக் வால்வு தலைக்கு மேல வந்துடுச்சு, இன்ஜின் உயரமாயிடுச்சு, அதனால பானட்டையும் தூக்க வேண்டியதாப் போச்சு.

இந்த இன்ஜின் நல்லா இழுக்கும். ஆனா பெட்ரோலைக் குடிக்கும். 1973-ல் உலகம் முழுக்க எண்ணெய் விலை ஏறினப்போ ஜீப் வெச்சிருந்தவங்க பாடு திண்டாட்டமாச்சு. 1970-களின் நடுவில் மஹிந்திராவே இன்டர்நேஷனல் டிராக்டரோட டீசல் இன்ஜினை ஜீப்பில் பொருத்தி விற்க ஆரம்பிச்சுது. 1980-கள்ல பிரான்ஸ் பெஜோ கம்பெனி லைசென்ஸில் எக்ஸ்.டி.பி. 4.90 வந்தது. 4.90-ன்னா 4 சிலிண்டர், ஒவ்வொண்ணும் 90 மில்லிமீட்டர் விட்டம். மொத்தம் 2112 சி.சி. கம்பெனியே டீசலுக்கு மாறினதும், ஏற்கெனவே பெட்ரோல் ஜீப் வெச்சிருந்தவங்க சும்மா இருப்பாங்களா? இன்ஜினை மட்டும் தேடி வொர்க்ஷாப்புக்கு நடக்க ஆரம்பிச்சாங்க.

ஒரு விஷயம். டீசல் போட்டா பவர் கூடும்னு பலபேர் நினைக்கிறாங்க. ஹரிக்கேன் 70 குதிரைத்திறனுக்கு மேல தரும். பெஜோ 62 தான். ஆக, பவருக்காக யாரும் மாத்தலை. டீசல் செலவு குறைவுங்கிறது ஒரு காரணம். இன்னொரு காரணம் மழை.

குமரிக்கு ரெண்டு பருவமழையும் உண்டு. தென்மேற்கும் நனைக்கும், வடகிழக்கும் நனைக்கும். கீரிப்பாறை, மாறாமலை, பேச்சிப்பாறைக்கு மேல கோதையாறு... இந்தப் பக்கம் ரப்பர் தோட்டத்துப் பாதையில ஓடை குறுக்கே போகும். பெட்ரோல் இன்ஜினுக்கு ஸ்பார்க் வேணும். டிஸ்ட்ரிபியூட்டர்ல தண்ணி ஏறினா வண்டி நடு ஓடையில நின்னுடும். டீசலுக்கு ஸ்பார்க்கே கிடையாது, காத்தை அழுத்துற சூட்டுலயே எரியும். ஏர் ஃபில்டருக்குள்ள தண்ணி போகாத வரைக்கும் ஓடும். விடியறதுக்கு முன்னாடி பால்வெட்டுக்குப் போற தொழிலாளியை ஏத்திட்டுப் போற வண்டிக்கும், ஒட்டுப்பால் மூட்டையை இறக்குற வண்டிக்கும் இது சின்ன விஷயம் இல்லை.

சரி, மாத்துறது எப்படி? இன்ஜின் வாங்கினா முடிஞ்சதுன்னு நினைச்சு வொர்க்ஷாப்புக்குப் போற அண்ணாச்சிக்கும் மெக்கானிக் பையனுக்கும் நடக்கிற பேச்சு எப்பவும் ஒண்ணுதான்:

"அண்ணாச்சி, இன்ஜினுக்கு மட்டும் பைசா கொண்டுவந்தா காணாது. இன்ஜின் வெல பாதி. மத்த பாதி அத உக்கார வைக்கதுக்கு."

"எதுக்குடே அவ்ளோ?"

பையன் விரல் விட்டு எண்ணுவான். மவுண்ட் புதுசா வெல்டிங் வெக்கணும். பழைய கியர்பாக்ஸோட புது இன்ஜின் சேர, பெல் ஹவுசிங்குக்கு நடுவுல ஒரு அடாப்டர் பிளேட் லேத்ல கடைஞ்சு எடுக்கணும். அது ஒரு நூல் விலகினாலும் கிளட்சும் பேரிங்கும் தின்னுடும். டீசல் இன்ஜின் கனம் ஜாஸ்தி, முன்பக்கப் பட்டையில பிளேட் கூட்டணும். ஸ்டார்ட்டருக்குப் பெரிய பேட்டரி. இன்ஜெக்டர்ல மிச்சமாகிற டீசல் டேங்குக்குத் திரும்ப ஒரு ரிட்டன் லைன். ரேடியேட்டர், சைலன்சர் குழாய் எல்லாம் புது இடத்துக்குத் தக்க மாறணும். சாவியைத் திருப்பினா இன்ஜின் நிக்காது, நிறுத்த ஒரு கேபிள் இழுக்கணும். டிராக்டர் வம்சத்து இன்ஜின்னா இன்னொரு தொல்லையும் உண்டு. அது மெதுவாத்தான் சுத்தும். பழைய ஜீப்போட டிஃபரன்ஷியல் விகிதம் 5.38. அதாவது இன்ஜின் பக்கத்து தண்டு 5.38 தடவை சுத்தினாத்தான் சக்கரம் ஒரு சுத்து. மலையேற நல்லது. ஆனா நாகர்கோவில் ரோட்டுக்கு வந்தா சைக்கிள்காரன் சிரிப்பான் :-)

இனி காசுக்கு வருவோம். ஒரு கணக்குக்கு வெச்சுக்குவோம். தினம் 60 கிலோமீட்டர், மாசம் 25 நாள். பெட்ரோல்ல லிட்டருக்கு 8, டீசல்ல 12 கிலோமீட்டர்.

2012 வாக்கில பெட்ரோல் சுமார் 70 ரூபாய், டீசல் சுமார் 45. பெட்ரோல்ல ஒரு நாளுக்கு 525 ரூபாய், டீசல்ல 225. மிச்சம் 300, மாசம் 7,500. மாத்துறதுக்கு 90,000 ஆச்சுன்னா ஒரே வருஷத்துல போட்ட காசு திரும்பிடும்.

பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010-லயும் டீசலுக்கு 2014-லயும் நீங்கிடுச்சு. இப்போ பெட்ரோல் 100, டீசல் 92 ரூபாயைச் சுத்தி நிக்குது. 750-க்கு 460. மிச்சம் 290. கிட்டத்தட்ட அதே ரூபாய்! ஆனா செலவு இரட்டிச்சு 1,80,000 ஆயிடுச்சுன்னு வைங்க, திரும்ப வர ரெண்டு வருஷம் ஆகும். முன்னாடி விலை வித்தியாசமும் மைலேஜும் சேர்ந்து லாபம் கொடுத்தது. இப்போ மைலேஜ் மட்டும்தான் கொடுக்குது. தினம் ஓடுற வண்டிக்கு அதுவும் கட்டுப்படியாகும். ஞாயித்துக்கிழமை மட்டும் வெளியே வர்ற ஜீப்புக்கு ஆகவே ஆகாது.

பாடப்புத்தகக் கணக்கு இங்கே முடிஞ்சிடும். நிஜத்துல பாக்கி இருக்கிறது ஆர்.சி. புத்தகம்.

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்துல 52-வது பிரிவு இருக்கு. ஆரம்பத்துல ஆர்.டி.ஓ.விடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கினா மாத்தலாம், அதை ஆர்.சி.யிலயும் ஏத்திக்கலாம்னு இருந்தது. 2000-ல் வந்த திருத்தம் கதவைச் சாத்திடுச்சு. தயாரிச்ச கம்பெனி முதல்ல சொன்ன விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாது. வேற எரிபொருளுக்கு மாறணும்னா நிபந்தனைக்கு உட்பட்ட கிட் பொருத்தித்தான் மாறணும். 2019 ஜனவரியில, கேரளத்துல இருந்து வந்த ஒரு வழக்கில சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதியாச் சொல்லிடுச்சு. பழைய இரும்புக்கடையில எடுத்த இன்ஜினுக்கும் லேத்துப் பட்டறை பிளேட்டுக்கும் எந்த அங்கீகாரச் சான்றும் கிடையாது.

2021-ல் இன்னொண்ணு வந்தது. 50 வருஷத்துக்கு மேலான வண்டிகளை 'விண்டேஜ்'னு தனியாப் பதிவு செஞ்சுக்கலாம்னு மத்திய அரசு விதி கொண்டுவந்தது. நல்ல விஷயம்தான். ஆனா நிபந்தனை, வண்டி அசல் வடிவத்துல இருக்கணும், சேஸிஸ், பாடி, இன்ஜின் எதையும் பெருசா மாத்தியிருக்கக் கூடாது.

இங்கேதான் மனசு கேக்க மாட்டேங்குது. 1960-கள்ல வந்த ஒரு ஜீப் இன்னிக்கும் அசல் ஹரிக்கேன் இன்ஜினோட இருக்குன்னா, பெரும்பாலும் அது ஷெட்டுல நிறுத்தி வைக்க வசதியிருந்த வீட்டு ஜீப். உழைச்ச ஜீப் எதுவும் அப்படி இருக்க முடியாது. பெட்ரோல் செலவு தாங்காம அது எப்பவோ இரும்புக்குப் போயிருக்கும். டீசல் இன்ஜின்தான் அதைக் காப்பாத்தினது. காப்பாத்தின அதே இன்ஜின்தான் இப்போ 'நீ பாரம்பரியம் இல்லை'ன்னு சொல்லவும் காரணமாகுது. அசலை மதிக்கிற விதி வேண்டாம்னு சொல்லலை. அனுமதி வாங்கி முறையா மாத்தின பழைய வண்டிகளுக்கும் அதுல ஒரு வரி இடம் இருந்திருக்கலாம்.

அதுக்காக, மாத்தினதை ஆர்.சி.யில மறைச்சு ஓட்டுறது சரின்னும் ஆயிடாது. பின்னாடி எட்டுப் பேர் உட்கார்ந்து மலையிறங்குற வண்டி அது. ஆர்.சி.யில பெட்ரோல்னு இருந்து பானட்டுக்குள்ள டீசல் இருந்தா, விபத்து நடந்த அன்னிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க ஒரு காரணம் தயாரா இருக்கு. ரெண்டு வருஷம் சேர்த்த மிச்சம் ஒரே நாள்ல போயிடும். அதைச் சுமக்கப் போறது ஓனர் மட்டும் இல்லை, பின்சீட்டுல இருந்தவங்களும்தான்.

அதனால பழைய ஜீப் வாங்க ஆசைப்படுற நண்பர்கள் பெயின்ட்டைப் பாக்கிறதுக்கு முன்னாடி பானட்டைத் திறங்க. பிளாக்ல குத்தியிருக்கிற நம்பரைத் துணியால துடைச்சு, ஆர்.சி.யில இருக்கிற இன்ஜின் நம்பரோட ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாருங்க. எரிபொருள்னு போட்டிருக்கிற இடத்துல என்ன இருக்குன்னும் பாருங்க. ரெண்டும் ஒத்துப்போனா மட்டும் விலை பேசுங்க.